திருவனந்தபுரத்துக் காந்த ஊசி

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவரில் திருவனந்தபுரத்தை அறியாதார் மிகச் சிலரே. பத்மநாபசுவாமி கோயிலைத் தரிசிக்கச் சென்றவர் உண்டு. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தவர் உண்டு. அரசுப் பணியின் பொருட்டு அங்கேயே குடியேறிவிட்டவரும் உண்டு. ஆயினும் பாளையத்திற்கு அருகே உள்ள ஒரு சிறு குன்றின்மேல் ஏறிப் பார்த்தவர் குறைவு. அக்குன்றின் உச்சியில் பழைய வானாராய்ச்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அது இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. கோள்களையும் விண்மீன்களையும் காண்பதற்காக எழுப்பிய கட்டடம் அது. எனினும் உலக விஞ்ஞான வரலாற்றில் அதற்கு இடம் தேடித் தந்தவை, விண்மீன்களைக் காட்டிலும், நூலிழையில் தொங்கிய சில எஃகுத் துண்டுகளேயாம். அந்த எஃகுத் துண்டுகளின் கதையையே இங்கே நாம் சொல்லப் புகுகின்றோம்.

சுவாதித் திருநாள் மகாராஜாவை நாம் இசைப் புலவராகவே அறிந்துள்ளோம். கணிதத்திலும் வானநூலிலும் அவருக்கு இருந்த ஆர்வம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் ஆட்சிக் காலத்தில், ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வாணிப முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர், தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தை ஆராய்ந்து வந்தார். மகாராஜா அவர் முயற்சியை ஆதரித்து, 1837-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சிக்கூடத்தை நிறுவி, அவரையே அதன் தலைவராக்கினார். அதே ஆண்டில் கால்டிகாட், சென்னை வானாராய்ச்சிக்கூடத்தின் தலைவரான டெயிலர் என்பாருடன் சேர்ந்து, தென்னிந்தியாவின் பல ஊர்களில் பூமியின் காந்த விசையையும் அதன் திசையையும் அளந்தார். தென்னாட்டின் காந்த நிலையைப் பற்றிய தொடக்ககால அளவைகளுள் இது குறிப்பிடத்தக்கது.

பூமியின் காந்தத்தை அளப்பதில் அக்காலத்து ஐரோப்பாவுக்குத் தனி வேட்கை இருந்தது. ஜெர்மனியில் காஸ், வெபர் ஆகிய இருவரும் பல நாடுகளில் ஒரே நேரத்தில் காந்த ஊசிகளைப் பார்த்துக் குறிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தனர். பிரிட்டனில் சபைன் என்பாரின் முயற்சியால் அவ்வேற்பாடு கடல் கடந்தும் பரவியது. கப்பல்கள் திசையறிவது காந்த ஊசியால். அவ்வூசியோ நேர் வடக்கைக் காட்டுவதில்லை. இடத்துக்கு இடம் சற்றே விலகி நிற்பதோடு, காலத்துக்குக் காலமும் மாறுகிறது. இம்மாற்றத்தின் காரணம் யாது? இதனை அறியப் பூமி முழுவதும் காவல் நிலையங்கள் வேண்டும் என்றனர் அறிஞர். அந்நிலையங்களுள் ஒன்றாகத் திருவனந்தபுரமும் சேர்ந்தது. 1841-இல் அங்கே காந்தப் பதிவுகள் தொடங்கின.

திருவனந்தபுரத்திற்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு காந்த ஊசியை எப்பக்கமும் தாராளமாகச் சாயும்படி நடுவில் தாங்கி நிறுத்தினால், இலண்டனில் அதன் வடமுனை நிலத்தை நோக்கிச் சாய்வாகத் தலை கவிழ்கிறது. ஆஸ்திரேலியாவில் தென்முனை கவிழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, ஊசி தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடங்களை இணைத்து வரையும் கோட்டினையே காந்த நடுக்கோடு என்பர். அது பூமத்திய ரேகையோடு ஒட்டிச் செல்வதில்லை. தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டி அது கடந்து செல்கிறது. ஓரிடத்தில் நிலைத்து நிற்பதும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகர்கிறது. அக்கோட்டிற்கு இத்தனை அருகே நிரந்தரமான ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அமைந்தது திருவிதாங்கூரின் நற்பேறு.

கால்டிகாட் 1849-இல் மறைந்தார். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். தம் நாட்டில் மேக்கர்ஸ்டவுன் என்னுமிடத்தில் பிரிஸ்பேன் பிரபுவின் காந்த ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தித் தேர்ந்தவர் அவர். அப்போது உத்திரம் திருநாள் மகாராஜா ஆண்டு வந்தார். திருவனந்தபுரத்துக் காட்சிசாலை உருவாவதற்கு உழைத்தவரும் இந்தப் பிரவுனே. ஆனால் அவர் உள்ளமெல்லாம் காந்த ஊசியிலேயே இருந்தது.

இங்கேதான் நம் கதையின் சிக்கல் தொடங்குகிறது. பூமியின் காந்தத்தை அளக்கும் கருவி எது? இன்னொரு காந்தம். அதுவும் எஃகு, அதாவது இரும்பில் சிறிதளவு கரி கலந்த ஓர் உலோகக் கலவை. தராசின் படிக்கல் நாளுக்கு நாள் எடை மாறினால் வணிகன் கதி என்னவாகும்? பிரவுனின் நிலை அதுவே. எஃகுக் காந்தம் வெப்பம் ஏறினால் வலிமை குறைகிறது, குளிர்ந்தால் வலிமை கூடுகிறது. கீழே விழுந்தால், அடிபட்டால், நிலையாகவே சிறிது வலுவிழக்கிறது. அதனைத் தாங்கும் பட்டிழையும் சும்மா இருப்பதில்லை. ஈரக்காற்றில் முறுக்கேறியும் வறண்ட காற்றில் முறுக்கவிழ்ந்தும் ஊசியைத் தானே திருப்பிவிடும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் மலையாள நாட்டில் இத்தொல்லை சொல்லி முடியாது.

இத்தொல்லை எவ்வளவு பெரிது என்பதை ஒரு சிறு கணக்கால் நாம் காணலாம். திருவனந்தபுரத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. ஒரு நாளின் பகற்பொழுதில் அது கூடிக் குறைவது ஏறத்தாழ 100 நானோடெஸ்லா, அதாவது 400-இல் ஒரு பங்கு. எஃகுக் காந்தமோ ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்ப மாற்றத்திற்குப் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்கு வலிமை மாறக்கூடியது. அறையின் வெப்பம் ஆறு டிகிரி ஏறினால் அம்மாற்றமும் ஏறக்குறைய 400-இல் ஒரு பங்காகிவிடும். பூமியின் மாற்றமும் உலோகத்தின் மாற்றமும் ஒரே அளவின. இரண்டும் பகலில் வெயிலோடு சேர்ந்தே வருபவை. எது பூமி, எது எஃகு என்று பிரித்தறிவது எவ்வாறு?

காந்தத்தை எடுத்து வெந்நீரிலும் தண்ணீரிலும் இட்டுச் சோதித்து அதன் குணத்தைக் கணக்கிடுவது அக்காலத்து வழக்கம். இதில் பிரவுனுக்கு நிறைவில்லை. அவ்வளவு முரட்டுத்தனமாக நடத்திய உலோகம் பின்னர் பழைய உலோகமாக இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? ஆகவே, காந்தம் தொங்கும் இடத்திலேயே தொங்கட்டும், நாள்தோறும் எடுக்கும் பதிவுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெப்பத்தின் பங்கைக் கழித்துவிடலாம் என்னும் முறையினை அவர் கைக்கொண்டார். இம்முறைக்கு வேண்டியது பொறுமை ஒன்றே. மணிக்கொரு முறை பார்த்தால் ஆண்டொன்றுக்கு 8,760 பதிவுகள் ஆகின்றன. நள்ளிரவிலும் அதிகாலையிலும் விளக்கேந்திச் சென்று, எஃகுத்துண்டு எதையும் மடியில் வைத்துக்கொள்ளாமல் கருவியருகே நின்று அளவைக் குறித்தவர்கள் பெரும்பாலும் அவ்வூர் உதவியாளர்களே. நூலின் முகப்பில் இருப்பது பிரவுனின் பெயர். உள்ளே இருக்கும் எண்களோ அவர்கள் விழித்த இரவுகள்.

அதோடும் அவர் நிற்கவில்லை. உயரம் கூடினால் காந்த மாற்றம் வேறுபடுமா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரம் ஒன்று நிற்கிறது. மலையாள நாட்டார் அதனை அகஸ்தியகூடம் என்பர். நமக்கோ அது பொதிகை. தமிழ் முனிவர் வீற்றிருந்த மலை. பொருநை பிறக்கும் மலைத்தொடரின் முடி. அந்தச் சிகரத்தில் 1855-ஆம் ஆண்டில் பிரவுன் ஒரு காந்த நிலையத்தை எழுப்பினார். யானை திரியும் காட்டின் வழியே, செங்குத்தான பாறைகளின்மேல், மூங்கிலும் பலகையும் கருவிகளும் மனிதர் தோள்களிலேயே ஏறின. மேலே கடுங்காற்று, ஓயாத மழை, மூடுபனி. தென்றல் பிறக்கும் இடம் என்று நம் புலவர்கள் போற்றிய மலையில், காந்த ஊசியைக் காத்துக் கிடந்தவர்கள் கண்டது தென்றலை மட்டும் அன்று.

இவ்வுழைப்பின் பயன் யாது? நடுக்கோட்டின் அருகே ஊசியின் அன்றாட அசைவு, சூரியன் வடதிசையில் செல்லும் மாதங்களில் ஒரு விதமாகவும், தென்திசையில் செல்லும் மாதங்களில் அதற்கு நேர் எதிராகவும் நிகழ்கிறது என்பதைத் திருவனந்தபுரத்துப் பதிவுகள் தெளிவாகக் காட்டின. சந்திரனும் ஊசியைச் சிறிதளவு அசைக்கிறான் என்பது தெரிந்தது. எல்லாவற்றிலும் மேலாக, நாளுக்கு நாள் காந்த விசையில் தோன்றும் ஏற்றத்தாழ்வு திருவனந்தபுரத்தில் மட்டும் நிகழ்வதன்று, உலகெங்கும் ஒரே சமயத்தில் நிகழ்கிறது என்பதைப் பிற நாட்டு நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பிரவுன் நிறுவினார். அதில் ஏறத்தாழ 26 நாள் முறைவட்டம் ஒன்று இருப்பதையும், அது சூரியன் தன்னைத் தானே சுற்றும் காலத்தோடு ஒட்டியது என்பதையும் அவர் கண்டார். சூரியனிலிருந்து மின்துகள்கள் புறப்பட்டு வந்து பூமியைச் சூழ்கின்றன என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அதற்கான தடயத்தை, அத்துகள்களைப் பற்றி எவரும் அறியாத காலத்தில், எஃகின் பிழையைக் கழித்துவிட்ட எண்களிலிருந்தே அவர் எடுத்தார். பிழையைக் கழிக்காதிருந்தால் அந்த மெல்லிய தடயம் வெயிலின் வெப்பத்தில் மறைந்தே போயிருக்கும்.

1865-இல் பிரவுன் திருவிதாங்கூரை விட்டுச் சென்றார். பதிவுகள் 1869 வரை சுருங்கிய அளவில் தொடர்ந்தன. பார்த்துக் குறிப்பது பாதி வேலை. குறித்ததைக் கணக்கிட்டு வெளியிடுவதே மறுபாதி. ஐரோப்பாவுக்குத் திரும்பிய பின்னும் அவர் அந்த எண்களோடேயே வாழ்ந்தார். திருவனந்தபுரம், அகத்தியமலை ஆகிய இரண்டிடத்துப் பதிவுகளின் முதல் தொகுதி 1874-இல் இலண்டனில் வெளிவந்தது. 1878-இல் இராயல் சொசைட்டி அவருக்கு அரச பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அறுவடை செய்த நெல்லெல்லாம் களஞ்சியம் சேருமுன் உழவன் போய்விட்டான். விஞ்ஞானத்தில் இத்தகைய இழப்பு அரிதன்று. பதிவேடு இருந்தும் அதனைப் படிக்க ஆளும் பொருளும் ஒதுக்காத இடங்களில் எல்லாம் அது இன்றும் நேர்கிறது.

பிரவுன் எதிரியாகக் கருதிய உலோகத்தின் குணத்தையே வேறு சிலர் அக்காலத்தில் ஆராய்ந்து கொண்டிருந்தனர். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவான அளவு மாறுகிறது என்று இங்கிலாந்தில் ஜூல் 1842-இல் அறிவித்தார். பிரவுன் திருவனந்தபுரத்தை நீங்கிய அதே 1865-இல், இத்தாலியரான வில்லாரி இதன் மறுதலையைக் கண்டார். இரும்புக் கம்பியை இழுத்தால் அதன் காந்த நிலை மாறுகிறது என்பதே அது. உலோகத்தை இழுத்தோ நெருக்கியோ அதன் வடிவம் சற்றே மாறச் செய்வதைத் திரிபு என்று நூல்கள் கூறுகின்றன. அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு மாறுகிறது; அதனோடு காந்தமும் எத்திசையில் எளிதாக நிற்கலாம் என்பதை மாற்றிக்கொள்கிறது. கொல்லன் பழுத்த இரும்பை வடக்குத் தெற்காக வைத்து அடித்தால் அது தானே காந்தமாகும் என்பதை 1600-லேயே கில்பர்ட் தம் நூலில் காட்டியிருந்தார். அடியால் பெறுவதும் அடியால் இழப்பதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

இதில் இரும்புக்கும் நிக்கலுக்கும் குணம் வேறு. சிறிய காந்தப்புலத்தில் இரும்பு நீள்கிறது, நிக்கல் சுருங்குகிறது. இரண்டையும் தக்க அளவில் கலந்தால் ஒன்றின் போக்கை மற்றொன்று ஈடுசெய்யுமல்லவா? நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் நிக்கல் சேர்ந்த கலவையில் அவ்வாறே நிகழ்கிறது. பெர்மலாய் எனப்படும் இக்கலவையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எல்மன் என்பார் உருவாக்கினார். இழுத்தாலும் நெருக்கினாலும் இது பெரிதும் கலங்குவதில்லை. மிகச் சிறிய காந்தப்புலத்திற்கும் உடனே இசைகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய கருவிகளில் இவ்வகைக் கலவைகளே இடம்பெற்றன.

திருவனந்தபுரத்தில் காந்தப் பதிவு நெடுங்காலத்திற்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. அனைத்துலகப் புவிப்பௌதிக ஆண்டினை ஒட்டி 1957-இல் அங்கேயும் நம் அண்ணாமலை நகரிலும் புதிய காந்த நிலையங்கள் அமைந்தன. அதற்குள் நடுக்கோட்டின் புதிர் ஒன்று வளர்ந்திருந்தது. காந்த நடுக்கோட்டின் அருகே மட்டும் பகற்பொழுதில் காந்த விசை அளவுக்கு மீறி உயர்வதேன்? தரைக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், நடுக்கோட்டை ஒட்டி ஒரு குறுகிய மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது என்று அறிஞர் கருதினர். 1951-இல் சிட்னி சாப்மன் அதற்குப் பெயரும் சூட்டினார். தமிழில் அதனை நடுக்கோட்டு மின்தாரை எனலாம். அதனைத் தொட்டறிய வேண்டுமானால் ஊசி பூமியில் இருந்து பயனில்லை. வானுக்கே செல்ல வேண்டும்.

அதற்காகவே விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்தைத் தேர்ந்தார். அங்கிருந்த மாதா கோயிலையும் நிலத்தையும் மக்கள் விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் எழுந்தது. இராமேசுவரத்திலிருந்து சென்ற அப்துல் கலாம் அங்கே பணிபுரிந்த இளம் பொறியாளர்களுள் ஒருவர். 1964 தொடக்கத்தில் தும்பாவிலிருந்து சென்ற ராக்கெட்டுகள் புரோட்டான் காந்தமானிகளைச் சுமந்து மின்தாரையின் ஊடே சென்றன. இக்கருவியின் அழகை நாம் கவனிக்க வேண்டும். இதில் எஃகு ஊசி இல்லை. நீரிலோ எண்ணெயிலோ உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் பம்பரம்போல் தலைசுற்றும் வேகத்தையே இது எண்ணுகிறது. அவ்வேகம் வெப்பத்தாலும் அடியாலும் மாறுவதில்லை. பிரவுன் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துக் கொண்டிருந்த பிழையை, உலோகத்தையே விட்டுவிடுவதன் மூலம் இது தீர்த்துக்கொண்டது.

அப்படியானால் உலோகத்தின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. சில அணு அடுக்குகளே கனமுள்ள மென்படலங்களாக உலோகத்தைப் படிய வைக்கும் திறன் பின்னர் வந்தது. செம்புப் படிகத்தில் ஓர் அலகின் அகலம் 0.361 நானோமீட்டர், நிக்கலில் 0.352. செம்பின்மேல் நிக்கலைப் படலமாகப் படிய வைத்தால், அடியிலுள்ள செம்பின் இடைவெளிக்கேற்ப நிக்கல் அணுக்கள் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கின்றன. அகலமான பாயில் உட்கார வந்த சிறு கூட்டம் பாய் முழுவதும் பரவி அமர்வது போன்றது அது. இழுத்த திசையில் காந்தமாவதை நிக்கல் விரும்புவதில்லை. ஆகவே மென்படலங்களில் வழக்கமாகப் படுத்திருக்கும் காந்தம், இங்கே ஒரு கன அளவு வரை எழுந்து செங்குத்தாக நிற்கிறது. படலம் மேலும் தடித்தால் இழுப்பு தளர்ந்து மீண்டும் படுத்துவிடுகிறது. எவ்வளவு திரிபு, எவ்வளவு கனம் என்பதைத் தேர்ந்து காந்தத்தின் திசையை நாமே வகுக்கலாம் என்பது இதன் பொருள்.

அடுக்கின்மேல் அடுக்காக வெவ்வேறு உலோகங்களை வைப்பதிலும் வியப்பு காத்திருந்தது. இரும்பும் குரோமியமும் மாறிமாறி அமைந்த பல்லடுக்குப் படலங்களில், காந்தப்புலத்தால் மின்தடை பெரிதும் மாறுவதை 1988-இல் பிரான்சில் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டனர். 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கணிப்பொறியின் தட்டுகளில் எழுதிய காந்தக் குறிகளைப் படிக்கும் முனைகள் இக்கண்டுபிடிப்பால் மாறின. கைப்பேசியில் திசை காட்டும் சிறு துண்டுகளிலும் பெர்மலாய் மென்படலத்தால் இயங்குபவை உண்டு.

ஆக, ஒரே இடர்ப்பாட்டை மனிதர் மூன்று வழியில் சந்தித்திருக்கின்றனர். பிரவுன் உலோகத்தின் குற்றத்தை அளந்து கழித்தார். ராக்கெட் கருவியை அமைத்தோர் உலோகத்தை விலக்கினர். மென்படலம் செய்வோர் அக்குற்றத்தையே குணமாக்கிக்கொண்டனர். ஆயினும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. தன் கையிலுள்ள கருவியை முதலில் ஐயுற்று அறியாதவன் அதனால் வேறொன்றையும் அறிய இயலாது. மென்படலத்தை ஆராயும் இன்றைய மாணவனும், தான் காண்பது நிக்கலின் இயல்பா, அடியிலுள்ள செம்பின் இழுப்பா என்று கேட்டுக்கொண்டே வேலை செய்கிறான். அது பிரவுன் கேட்ட கேள்வியேயாகும்.

நேயர்கள் அடுத்த முறை திருவனந்தபுரம் செல்லுங்கால், கோயிலும் கடற்கரையும் கண்ட பின்னர் ஒரு நாழிகை ஒதுக்கிப் பாளையத்துக் குன்றின்மேலும் ஏறிவாருங்கள். கைப்பேசியை எடுத்து அதன் திசைகாட்டியைப் பாருங்கள். அதே குன்றில், 1841 முதல் இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தத் திசையைப் பார்த்து எழுதியிருக்கின்றனர். கிழக்கே திரும்பினால், அவர்களுடைய தோழர்கள் காந்த ஊசியைச் சுமந்து ஏறிய பொதிகை மலை இருக்கும் திசை அது.